எத்தனை ஏ.பி. என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள்

பிப்ரவரி வந்தால் நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. ஹைஸ்கூலில் அடுத்த வருடத்துக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரம். தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்றாலும் அதே கேள்விதான்: "உங்க பொண்ணு எத்தனை ஏ.பி. சயின்ஸ் எடுக்கிறா?" ஏ.பி. என்றால் ஹைஸ்கூலிலேயே கல்லூரி அளவில் படிக்கும் பாடம்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் நானும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மூத்தவனைப் பதினொன்றாம் வகுப்பில் கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ் சி என்று மூன்று ஏ.பி.யையும் சேர்த்து எடுக்கச் சொன்னது நான்தான். ஒருநாள் இரவு ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால், சாப்பாட்டு மேசையில் லேப் நோட்டின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பியபோது கன்னம் முழுக்க பென்சில் கரி. அதற்கு முந்தைய வருடம்தான், டைட்ரேஷனில் (ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் சோதனை) ஒரே ஒரு சொட்டு கூடுதலாக விழுந்ததும் கரைசல் வெளிர் ரோஸ் நிறமானதைச் சாப்பாட்டை மறந்து எனக்கு விவரித்தவன். மே மாதப் பரீட்சை வருவதற்குள் கெமிஸ்ட்ரி என்றாலே முகம் சுருங்கிப்போனது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நல்ல கல்லூரிகள் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. விண்ணப்பத்தோடு பள்ளி கவுன்சிலர் அனுப்பும் அறிக்கையில், அதே பள்ளியில் கல்லூரிக்குத் தயாராகும் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இந்த மாணவரின் தேர்வு எவ்வளவு கடினமானது என்றுதான் கேட்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளையோடு இந்த ஒப்பீடே இல்லை. மாசசூசெட்ஸில் உள்ள எம்.ஐ.டி.கூட பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றையும் தலா ஒரு வருடம் படித்திருக்க வேண்டும், கணக்கில் கால்குலஸ் வரை வந்திருக்க வேண்டும் என்றுதான் பரிந்துரைக்கிறது. மூன்றையும் ஒரே வருடத்தில் ஏ.பி.யாக முடிக்கச் சொல்லவில்லை.

அப்புறம், வரிசை முக்கியம். பிசிக்ஸ் சி கால்குலஸை வைத்துச் செய்வது. மெக்கானிக்ஸ் ஒரு பரீட்சை, மின்சாரமும் காந்தமும் தனிப் பரீட்சை. கால்குலஸைத் தொடாத பிள்ளையை அதில் உட்கார வைத்தால் சூத்திரத்தை மனப்பாடம்தான் செய்யும். பிசிக்ஸே கடினம் என்று அதை அடியோடு விட்டுவிட்டு, ஏ.பி. எண்ணிக்கைக்காக வேறு எதையாவது சேர்ப்பதும் தவறு. இன்ஜினியரிங் போக நினைக்கும் பிள்ளைக்கு அந்த ஓட்டை பின்னால் நன்றாகவே தெரியும். சுற்றுச்சூழல் அறிவியலைச் சிலர் "ஈஸி ஏ.பி." என்று ஒதுக்குகிறார்கள். ஆறு, மண், காற்று என்று அலையும் பிள்ளைக்கு அதுதான் சரியான பாடம்.

இந்த முறை மகளையே முடிவெடுக்க விட்டேன். அவள் கல்லூரியில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டாள். "கெமிஸ்ட்ரி பிடிச்சா அதை மட்டும் ஏ.பி.யா எடு. பிசிக்ஸ் இப்போ ஏ.பி.க்கு ஒரு படி கீழ இருக்கிற ஹானர்ஸ் போதும். பிசிக்ஸ் சி பன்னிரண்டாவதுல கால்குலஸோட எடுத்துக்கலாம். ஆர்க்கெஸ்ட்ராவை விட்டுடாதே" என்றான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே அவளுடைய பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.