அழகர் என்ன பட்டு கட்டியிருந்தார்?

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பத்தா கேட்பார்: "என்ன பட்டுடா?" பச்சை என்றால் நல்ல மழை, நல்ல விளைச்சல். மற்ற நிறங்களுக்கு அவரிடம் வேறு வேறு பலன்கள் உண்டு. கண்புரை முற்றிய பிறகு டிவியில் பார்ப்பதை விட்டுவிட்டார். நான் நேரில் பார்த்துச் சொன்னால்தான் அவருக்கு அழகர் இறங்கியதாகக் கணக்கு.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வீடியோவை ஓட்டிப் பார்த்துச் சொன்னேன். நள்ளிரவு தாண்டி ஆழ்வார்புரம் பக்கம் இடம் பிடித்து நின்றவன், தங்கக் குதிரை வந்தபோது பத்தடி தூரத்தில் இருந்தவன். ஆனால் என் கண் முழுவதும் திரையில் ஃபிரேம் சரியாக விழுகிறதா, யாரோ பீய்ச்சிய தண்ணீர் லென்ஸில் நிற்கிறதா, லைவ் அறுந்துவிடவில்லையே என்பதில்தான் இருந்தது. அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. "அப்போ நீ போகலையா?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு கடைகளின் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களைக் கவனித்துக்கொள்வது என் பிழைப்பு. மாசி வீதியில் ஒரு மிட்டாய்க் கடை, ஒரு சுங்குடிச் சேலைக் கடை, புறநகரில் இரண்டு சாப்பாட்டுக் கடைகள். போனைக் குறைத்துக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மீன் கடைக்காரனிடம் மீன் வாடையைக் குறைத்துக்கொள் என்று யாராவது சொல்வார்களா?

எங்கள் தொழிலில் இருக்கும் சிக்கலே வேறு. மற்றவர்கள் ரீல்ஸ் பார்த்தால் வீணாகப் பொழுது போக்குகிறோம் என்று அவர்களுக்கே தெரியும், கொஞ்சம் உறுத்தும். எனக்கு உறுத்தவே உறுத்தாது. இப்போது என்ன ஓடுகிறது என்று பார்க்கிறேன், போட்டிக் கடை என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கிறேன், எல்லாமே வேலை. இப்படித் தொடங்கி, கேரளத்தில் யாரோ பலாப்பழம் வெட்டுவதை நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு, அதையும் வேலை நேரத்தில் எழுதிக்கொண்டவன் நான். லைக் எண்ணிக்கையும் அப்படித்தான். உங்களுக்கு அது பெருமை. எனக்கு மாதக் கடைசியில் முதலாளியிடம் காட்ட வேண்டிய கணக்கு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தால் பொறுப்பானவன் என்ற நினைப்பு வேறு.

ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதனைகள் செய்தார். ஒவ்வொரு கொத்துக்கும் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றால் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடுகிறது. எந்தக் கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாத புறாதான் நீண்ட நேரம் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கிறது. திருமலை நாயக்கர் மகாலில் தூண்களுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் புறாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் கட்டைவிரல்தான் நினைவுக்கு வரும்.

இது புரிந்தும் நான் திருந்தவில்லை. திருத்தியது ஒரு மாப்பிள்ளை.

சித்தப்பா மகளின் கல்யாணம். இரவு பதினொன்றரைக்குப் படுக்கையில் கிடந்தபடி வரவேற்புப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை என்னோடு படித்தவன். படத்துக்குக் கீழே, "வேட்டி இடுப்பில் நிற்குமா, பெல்ட் வாங்கி அனுப்பட்டுமா?" என்று எழுதிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலை ஆறரைக்கு மிட்டாய்க் கடை முதலாளி அழைத்தார். கோபமாகக்கூட இல்லை, குழப்பமாகத்தான் பேசினார். "தம்பி, நம் கடைக்கும் அந்த மாப்பிள்ளைக்கும் என்ன சண்டை?" நான் எழுதியது கடையின் கணக்கிலிருந்து. அதற்குள் அறுபது பேர் சிரித்திருந்தார்கள். பெண் வீட்டார் அந்தக் கடையில்தான் சீர் பலகாரம் வாங்கியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று தெளிவானது. எனக்கு மன உறுதி போதவில்லை என்று இத்தனை நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் கடையும் கடைத்தெருவும் எனக்கு ஒரே கதவுக்குள் இருந்தன. கல்லாவில் உட்காரப் போனாலும் பொம்மைக் கடை, பஞ்சுமிட்டாய், ராட்டினம் எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும். பொருட்காட்சிக்கு நடுவில் கல்லாப்பெட்டியைப் போட்டுவிட்டு, வேடிக்கை பார்க்கிறானே என்று ஆளைக் குறை சொன்னால் எப்படி?

அதிலும் அந்தத் தெருவுக்கு முடிவே கிடையாது. டீக்கடையில் மாலைப் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்தால் மடித்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். திரையில் கடைசிப் பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் தள்ளத் தள்ள வந்துகொண்டிருக்கும் ஏற்பாட்டை 2006ல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின். பிற்பாடு அதற்காக அவரே வருந்திப் பேசினார். அவர் வருந்தி என்ன செய்ய, எழுந்து போக வேண்டியது நாம்தானே.

எனவே முதலில் கல்லாவை இடம் மாற்றினேன். இப்போது பதிவு போடுவது, கேள்விகளுக்குப் பதில் சொல்வது எல்லாமே மேசைக் கணினியில், முகநூல், இன்ஸ்டாகிராம் கடைப் பக்கங்களை ஒரே இடத்தில் நடத்த உதவும் மெட்டா பிசினஸ் சூட் வழியாக. அதில் அடுத்த வாரத்துப் பதிவை இன்றே நேரம் குறித்து வைத்துவிடலாம். கமெண்டும் செய்தியும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். பலாப்பழம் வராது. அதுதான் முக்கியம். படம் பிடிப்பதற்கும், போனில் மட்டுமே வசதியாகச் செய்ய முடிகிற சில்லறை வேலைகளுக்கும் பழைய போன் ஒன்று தனியாக இருக்கிறது. அதில் கடைக் கணக்குகள் மட்டும். என் சொந்தப் போனில் இன்ஸ்டாகிராமே இல்லை.

போட்டிக் கடைகளைப் பார்க்கும் வேலைக்கு மளிகைச் சீட்டு மாதிரி ஒரு துண்டுச் சீட்டு எழுதிக்கொள்கிறேன். "தீபாவளி லேகியம், யார் எப்படிப் படம் எடுத்திருக்கிறார்கள், மூன்று பக்கம்." இவ்வளவுதான். சீட்டு இல்லாமல் சந்தைக்குப் போனால் நான் எதை வாங்கி வருவேன் என்று என் மனைவிக்குத் தெரியும்.

உடனே பதில் போடாவிட்டால் வியாபாரம் போய்விடும் என்ற பயம் மட்டும் நீண்ட நாள் இருந்தது. அதைப் போக்கியது மீனாட்சியம்மன் கோயில். 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததை அடுத்து, உள்ளே செல்போன் கொண்டுபோக உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அப்போது அதைப் பற்றி நிறையப் புலம்பியவர்களில் நானும் ஒருவன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை இரண்டு போன்களையும் வாசலில் ஒப்படைத்துவிட்டு, டோக்கனை வாங்கிக்கொண்டு போய்ப் பொற்றாமரைக் குளத்தின் படியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் வெறும் சட்டைப் பையை ஏழு முறை தொட்டிருப்பேன். டோக்கனைக்கூட ஒரு முறை எடுத்து உற்றுப் பார்த்தேன், அதில் ஏதோ செய்தி வந்திருப்பதுபோல. ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்து நடுக்கத்தோடு திறந்து பார்த்தால், நான்கு கடைகளுக்கும் சேர்த்து வந்திருந்தது மொத்தம் ஐந்து. அதில் மூன்று, "விலை என்ன?" விலை படத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது.

இப்போது காலை பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு ஒன்பது என்று நான்கு முறை பதில் போடுகிறேன். யாரும் சண்டைக்கு வரவில்லை, முதலாளிகளைத் தவிர. வாட்ஸப் பிசினஸில், இரவு ஒன்பதரைக்கு மேல் தானாகப் போகும் பதில் ஒன்றை வைக்கலாம் என்றபோது மிட்டாய்க் கடைக்காரர் முகம் சுருங்கியது. வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்றார். "அண்ணே, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒருவர் வந்து ஷட்டரைத் தட்டி அரைக் கிலோ அல்வா கேட்டால் திறப்பீர்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "தெரிந்த ஆளாக இருந்தால் திறப்பேன்" என்றார். அந்த மனிதரிடம் வேறு எப்படிப் பேசுவது?

ஒன்பதரையைப் பத்தாக்கி ஒத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.