நெத்திலி கிள்ளி முடிக்கும் வரை ஒரு பேட்டி

என் அம்மா பேட்டிகளை நிமிடக் கணக்கில் அளப்பதில்லை, வேலைக் கணக்கில் அளப்பார். "இது அரைக் கிலோ நெத்திலிக்கு வரும்." "இது வெங்காயம் உரிக்கக்கூடப் பத்தாது." கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறை மேசையில் பழைய நாளிதழை விரித்து, நெத்திலியைக் கொட்டி, மைலோ டின்னில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டார் என்றால் அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்கு யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. கை பாட்டுக்குத் தலையைக் கிள்ளி, குடலை எடுத்துக்கொண்டிருக்கும். காது முழுக்கக் கோடம்பாக்கத்தில் இருக்கும்.

இப்போது அவருக்குப் பிடித்தது சித்ரா லட்சுமணனின் யூடியூப் பேட்டித் தொடர் 'சாய் வித் சித்ரா'. பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு பரபரப்பும் கிடையாது. இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், பாகம் பாகமாக. ஆனால் கேட்பவர் 'மண்வாசனை' தயாரித்தவர், கமலை வைத்து 'சூரசம்ஹாரம்' இயக்கியவர். எதிரே இருப்பவர் கொஞ்சம் கதை விட்டாலும் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பது எதிரே இருப்பவருக்கும் தெரியும். அதனால் பேச்சு தானாகவே நேராகிவிடுகிறது.

போன வாரம் நான் குறுக்கே புகுந்து வேறொரு பேட்டியைப் போட்டேன். "முதன்முறையாக மனம் திறந்தார்" என்று முகப்புப் படத்தில் போட்டிருந்தது. கண்ணீர்த் துளியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். இருபது நிமிடம். அதில் பாதி நேரம் தொகுப்பாளர் தன் அனுபவத்தைச் சொன்னார், மீதியில் பாதி நேரம் சிரித்தார். அம்மா நெத்திலியிலிருந்து நிமிரவே இல்லை. "இந்தப் பையன் கேக்கவே இல்ல லா, பாப்பா. அடுத்த கேள்விக்குக் காத்துக்கிட்டு இருக்கான்."

அதிலிருந்துதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பசியாறிவிட்டு வந்து படியுங்கள்.

ஒளிவுமறைவில்லாத பேட்டி என்றால் நாம் உடனே பதில் சொல்பவரைத்தான் பாராட்டுகிறோம். "என்ன தைரியம்!", "போட்டு உடைத்துவிட்டார்!" எனக்கு இதில் உடன்பாடில்லை. பத்தில் எட்டு தடவை அது கேட்பவரின் வேலை. அவர் எவ்வளவு நேரம் கொடுக்கிறார், பதில் முடிந்த பிறகு எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார், வெட்டித் தொகுக்கும்போது எதை விட்டுவைக்கிறார். இந்த மூன்றும் சரியாக இருந்தால் கல்லும் பேசும்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி ஜெயலலிதா. ஆமாம், ஜெயலலிதாதான். 1999-ல் இந்தி நடிகை சிமி கரேவால் தன் நிகழ்ச்சிக்காக எடுத்த பேட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? இணையத்தில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரும்புப் பெண்மணி என்று நாம் போஸ்டரில் பார்த்தவர், பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தபோது கிரிக்கெட் வீரர் நாரி கான்ட்ராக்டர் மேல் தனக்கிருந்த மயக்கத்தைச் சொல்கிறார். அவரைப் பார்ப்பதற்காகவே பைனாகுலரோடு டெஸ்ட் மேட்சுக்குப் போனாராம். ஷம்மி கபூரும் பட்டியலில் உண்டு. படப்பிடிப்பு படப்பிடிப்பு என்று போய்விட்ட அம்மாவுக்காக ஏங்கிய பிள்ளைப் பருவத்தைச் சொல்கிறார். கடைசியில் 'ஆ ஜா சனம்' என்று இந்திப் பாட்டு ஒன்றைப் பாடவே பாடுகிறார். வெட்கப்பட்டுக்கொண்டே பாடுகிறார், அதுதான் அழகு.

ஐந்து வருடம் கழித்து, 2004-ல், பிபிசியின் ஹார்ட்டாக் நிகழ்ச்சிக்காகப் பத்திரிகையாளர் கரண் தாப்பர் அதே ஜெயலலிதாவைச் சந்தித்தார். அப்போது அவர் முதலமைச்சர். கேள்வி ஒவ்வொன்றும் குத்தீட்டி. முடிவில் தாப்பர் மரியாதைக்காக, உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி என்றார். எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி, நமஸ்தே போட்டு மைக்கைக் கழற்றிவிட்டார் ஜெயலலிதா.

இரண்டாவதை இப்போதும் 'தரமான சம்பவம்' என்று பகிர்கிறார்கள். எனக்கும் பிடிக்கும், பொய் சொல்லவில்லை. அந்தக் கோபமும் உண்மையான கோபம்தான். ஆனால் ஜெயலலிதா என்ற மனுஷியைப் பற்றி எனக்கு ஏதாவது தெரிந்தது என்றால் அது பைனாகுலரில்தான். தாப்பரைக் குறை சொல்ல மாட்டேன். நாற்காலியில் இருக்கும் முதலமைச்சரிடம் அவர் அப்படித்தான் கேட்க வேண்டும், அது அவர் வேலை. என் சண்டை வேறு ஆட்களோடு. நேற்று ஒரு படத்தில் நடித்த இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடம் தாப்பர் மாதிரி புருவத்தை உயர்த்தி, "உங்களுக்கும் அவருக்கும் என்ன?" என்று கேட்டுவிட்டு, அதற்குத் 'துணிச்சலான கேள்வி' என்று பெயர் வைக்கிறார்களே, அவர்களோடு. அதிகாரம் உள்ளவரிடம் கேட்டால்தான் அது துணிச்சல். இது வீட்டுக்கு வந்த பெண்ணை வாசலில் நிற்க வைத்துப் பெரியம்மா கேட்கிற கேள்வி.

மலாய் ரசிகர்களுக்கு இதில் நம்மைவிட நீண்ட அனுபவம் உண்டு. டிவி3-யின் மெலோடி என்ற கலையுலகச் செய்தி நிகழ்ச்சியில் 'தெர்ஜா' என்றே ஒரு பகுதி. பாய்ந்து போய்ப் பிடிப்பது என்று அர்த்தம். பெயரிலேயே ஒளிவுமறைவு இல்லை, அந்த அளவுக்கு நேர்மை.

நம் பக்கம் வருவோம். சென்னையிலிருந்து நட்சத்திரங்கள் கோலாலம்பூருக்கு வருவது புதிதில்லை. 2018 ஜனவரியில் நடிகர் சங்க நட்சத்திர விழாவுக்காக ரஜினி, கமல் என்று பெரிய கூட்டமே புக்கிட் ஜாலில் அரங்கத்தில் இறங்கியது. அவர்கள் வரும்போதெல்லாம் நம் ஊடகங்கள் எடுக்கும் பேட்டிகளை எத்தனை வருடமாகப் பார்க்கிறோம்! மலேசியா எப்படி இருக்கிறது? நாசி லெமாக் சாப்பிட்டீர்களா? இரட்டைக் கோபுரம் பார்த்தாச்சா? மலேசிய ரசிகர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்? "லவ் யூ மலேசியா." நன்றி வணக்கம்.

இதைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை, ஏனென்றால் நானே செய்திருக்கிறேன். 2009-ல் கல்லூரி முடித்த கையோடு உள்ளூர் இதழ் ஒன்றில் பகுதிநேரமாக எழுதிக்கொண்டிருந்தேன். கச்சேரிக்கு வந்திருந்த பின்னணிப் பாடகி ஒருவரை ஹோட்டலில் சந்திக்க அனுப்பினார்கள். பன்னிரண்டு நிமிடம் என்றார் ஏற்பாட்டாளர். கூடவே ஒரு தாளை நீட்டினார், கேட்கக் கூடாதவை என்று. குடும்பம், சம்பளம், சக பாடகர்கள், உடல்நிலை. இவ்வளவையும் எடுத்துவிட்டால் ஒரு மனிதரிடம் மிச்சமிருப்பது நாசி லெமாக் மட்டும்தான்.

கேட்டேன். பதில் வந்தது. நூறு தடவை சொன்ன பதில், ஒரு மூச்சு கூட இடம் மாறவில்லை. நன்றி சொல்லி ஒலிப்பதிவுக் கருவியை அணைத்துப் பையில் போட்டேன். அப்போதுதான் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே தூக்கிப்போட்டு உட்கார்ந்து, "இங்க நல்ல ரசம் எங்கம்மா கிடைக்கும்?" என்றார். ரசத்தில் ஆரம்பித்த பேச்சு, பதினேழு வயதில் முதல் தடவையாக ஈப்போ பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்குப் பாட வந்த கதைக்குப் போனது. தொண்டை கட்டிக்கொண்டது, பாட்டியம்மா ஒருவர் வெந்நீரில் மிளகு தட்டிப்போட்டுக் கொடுத்தது, பேசிய பணம் கடைசி வரை கைக்கு வராமல் கூட வந்த அப்பா ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. நாற்பது நிமிடம் பேசினார். ஏற்பாட்டாளர் இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தார், பாடகியே கையசைத்துப் போகச் சொன்னார்.

நான் அதை எழுதவில்லை. கருவியை அணைத்த பிறகு சொன்னது, எனக்குச் சொன்னது, இதழுக்குச் சொன்னது இல்லை. ஆசிரியரிடம் உளறிவிட்டேன், செம திட்டு. "கையில கிடைச்ச தங்கத்த சாக்கடையில போட்டுட்டு வந்திருக்க" என்றார். இன்றைக்கும் எது சரி என்று எனக்குத் தீர்ந்தபாடில்லை. இப்போது கூட ஊரையும் மிளகையும் சொன்னேனே தவிர, ஆள் யார் என்று யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். உள்பெட்டிக்கு வராதீர்கள்.

அப்புறம் இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு நிஜமாகவே வயிறு எரிகிற விஷயம். என் தோழி ஒருத்தி உள்ளூர் தொடர்களில் நடிப்பவள். இரண்டு வருடம் முன்பு ஓர் இணைய நிகழ்ச்சியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். அம்மா இறந்த பிறகு ஆறு மாதம் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தது, பிறகு படப்பிடிப்புக்குத் திரும்பிய முதல் நாள் பிணமாக நடிக்கச் சொன்னார்கள் என்பது. அந்த இடத்தில் அழுதாள். அழுத அடுத்த நொடியே, "அசையாம படுக்கறது எனக்கு நல்லா பழகியிருந்துச்சு, ஒரே டேக்ல ஓகே" என்று சொல்லி அவளே சிரித்தாள். ஸ்டூடியோவில் எல்லோரும் சிரித்தார்களாம்.

டிக்டாக்கில் வந்தது அழுகை வரைக்கும். நாற்பது நொடி, பின்னால் சோக வயலின். "கதறி அழுத நடிகை" என்று தலைப்பு. சென்னையில் இது நடந்தால் மறுநாள் வேறொரு நடிகை அழுவார், கதை முடிந்துவிடும். இங்கே நாம் எத்தனை பேர்? கிள்ளானில் இருக்கும் அத்தைக்குப் பத்துமலையில் இருக்கும் சித்தி அனுப்பி, அது சுற்றி வந்து என் தோழியுடைய பிள்ளையின் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவுக்குள் நுழைந்துவிட்டது. கோயிலில் முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் சரியாகலையாம்மா?" என்று கேட்டாராம். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அழுதது நான்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா நான் சிரிச்சேனே, அதை ஏன்டி எடுத்துட்டாங்க?"

அதற்குப் பிறகு அவள் எந்தப் பேட்டிக்கும் போவதில்லை. போனாலும் நாசி லெமாக் பதில்தான். நம்மூர்க் கலைஞர்கள் வாயைத் திறப்பதில்லை, வழவழ கொழகொழ என்று பேசுகிறார்கள் என்று குறைப்படுகிறவர்கள் கொஞ்சம் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பேசுகிறவருக்குத்தான் பில் வரும், பேச வைத்தவருக்கு வராது. 2019-ல் கரண் ஜோகரின் 'காபி வித் கரண்' சோபாவில் கிரிக்கெட் வீரர்கள் ஹர்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் உட்கார்ந்து பேசியது நினைவிருக்கும். பாண்டியா பெண்களைப் பற்றிப் பேசியது அருவருப்பு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், பிறகு ஆளுக்கு 20 லட்சம் அபராதம். நிகழ்ச்சியைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். ஆனால் அது நேரலை இல்லையே! பதிவு செய்து, யாரோ உட்கார்ந்து பார்த்து, வெட்டி, ஒட்டி, இது நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துதானே ஒளிபரப்பினார்கள்? கரண் ஜோகர் பிறகு வருத்தப்பட்டார், சரி. அடுத்த சீசனும் வந்தது. காபியும் ஆறவில்லை.

விரைவுக் கேள்விச் சுற்றையே தடை செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. 'காபி வித் அனு', 'காபி வித் டிடி' எல்லாம் நம்மூர் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சியில் விஜய் டிவி போட்டுப் பார்த்து வளர்ந்தவள்தான் நானும். டிடி எதிரே இருந்தால் இறுக்கமான ஆள்கூட இரண்டு நிமிடத்தில் தளர்ந்துவிடுவார், அது ஒரு வித்தை. விளையாட்டை விளையாட்டு என்று சொல்லி ஆடினால் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்கு 'மனம் திறந்தார்' என்று பட்டம் கட்டுவதுதான் எனக்கு ஆகவில்லை.

எனக்கு ஓர் ஆசை. நம்மூர் ராப் பாடகர் யோகி பி-யை யாராவது நான்கு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். அவருடைய பொயட்டிக் அம்மோ குழு ஆங்கிலத்தில் ராப் பாடிக்கொண்டிருந்த 1998-லிருந்து, 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தில் 'மடை திறந்து' வெடித்தது, அடுத்த வருடமே 'பொல்லாதவன்', அப்புறம் 'விவேகம்' என்று இந்த ஊரிலிருந்து ஒரு குரல் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று, வருடம் வருடமாக, அவசரமே இல்லாமல் கேட்க வேண்டும். இன்னொரு உள்ளூர் ராப் பாடகர் டார்க்கி நாகராஜாவிடமும் அப்படியே. எந்தப் பாட்டுக்கு எவ்வளவு கிடைத்தது, எதற்குக் கிடைக்கவே இல்லை, தமிழில் ராப்பா என்று சிரித்தவர்கள் யார். பத்து நிமிடத்தில் சாதனையைப் பட்டியல் போட்டுச் சால்வை போர்த்துவது வேண்டாம். நமக்குச் சால்வை போர்த்தத் தெரிந்த அளவுக்கு உட்கார்ந்து கேட்கத் தெரியவில்லை. டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் வந்து, டத்தோ பேசி, டத்தோ போன பிறகுதான் கலைஞருக்கு மைக்.

உள்ளூரில் இப்படிப் பொறுமையாக எடுத்த நீண்ட பேட்டிகள் இருந்தால் கீழே பெயரைப் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது வேண்டாம். தீபாவளி வருகிறது, நெத்திலிக் காலம் முடிந்து முறுக்குக் காலம். போன வருடம் நான்கு கிலோ மாவு பிழிந்தார் அம்மா, கையிருப்பில் இருந்த பேட்டியெல்லாம் இரண்டாவது கிலோவிலேயே தீர்ந்துபோய், மீதி இரண்டு கிலோவுக்கும் என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.