விழுந்து எழுந்தது சரி, விற்றது என்ன?

எண்ணெய் அழுத்தத்தால் இயந்திரங்களை இயக்கும் ஹைட்ராலிக்ஸ் துறையில் கம்பெனிகளின் வளர்ச்சியைப் பற்றிப் பேச்சு வந்தாலே பார்க்கர் ஹானிஃபின் என்ற கம்பெனியின் லாரி விபத்தைச் சொல்லாமல் விடமாட்டார்கள். ஆர்தர் பார்க்கர் 1918-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காற்றழுத்த பிரேக் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றை நடத்திவந்தார். அடுத்த வருடமே பென்சில்வேனியாவில் உறைபனிச் சாலையில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. இருந்த சரக்கெல்லாம் அதில்தான். கம்பெனி திவால். மனுஷன் திரும்பவும் சம்பள வேலைக்குப் போய், 1924-ல் மறுபடி ஆரம்பித்தார்.

மேடைப் பேச்சுக்கு அருமையான கதைதான். ஆனால் விழுந்து எழுந்தவர்கள் எத்தனையோ பேர். எல்லோரும் இவ்வளவு பெரிய கம்பெனி கட்டிவிடவில்லை. எழுந்தவர் எதை விற்றார் என்று யாரும் கேட்பதில்லை.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது குழாய்களை இணைக்கிற ஃபிட்டிங். குழாயின் நுனியைப் புனல் மாதிரி விரித்து, ஃபிட்டிங்கின் கூம்பு மூக்கில் உட்கார வைத்து, பின்னாலிருந்து நட்டைப் போட்டு இறுக்க வேண்டும். வாஷர் கிடையாது, ரப்பர் கிடையாது. உலோகத்தின் மேல் உலோகம். இன்று ஹைட்ராலிக்ஸில் அந்தக் கூம்பு 37 டிகிரி. பார்க்க அதே மாதிரி இருக்கும் 45 டிகிரி ஃபிட்டிங்கை மாற்றிப் போட்டால், சில சைஸ்களில் மரை ஒழுங்காக ஏறிவிடும். பிரஷர் ஏறியதும் கசியும். 200 பார் அழுத்தத்தில் (நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல சுமார் 200 மடங்கு) ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும், எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னக் காயம்தான். ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்காதே என்று புதிதாக வருகிற பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

கசியாத இணைப்பு என்பது அவ்வளவு பெரிய விஷயம். 1927-ல் லிண்ட்பெர்க் என்ற அமெரிக்க விமானி அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தின் எரிபொருள் குழாய்களில் இருந்ததும் பார்க்கர் ஃபிட்டிங்குகள்தான். இரண்டாம் உலகப் போர் வந்தபோது சுமார் 5,000 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை ஆகிவிட்டது.

என்னைக் கேட்டால் உண்மையான கண்டம் 1945-ல்தான் வந்தது. ஆர்தர் இறந்தார், போர் முடிந்தது, ராணுவ ஆர்டரும் நின்றது. இழுத்து மூடிவிடுங்கள் என்று வங்கிக்காரர்கள் சொன்னார்கள். முடியாது என்றவர் அவருடைய மனைவி ஹெலன். வெளியிலிருந்து நிர்வாகிகளைக் கொண்டுவந்து கம்பெனியை நிமிர்த்தினார். லாரியைப் பற்றி அத்தனை பேர் பேசுகிறார்கள், இந்த அம்மாளைப் பற்றிப் பேச ஆளில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் வாங்கிப் போடும் கதை. 1957-ல் ஹைட்ராலிக் சிலிண்டர் செய்யும் ஹானிஃபினை வாங்கிப் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். 2017-ல் ஃபில்டர் செய்யும் கிளார்கோர், 2022-ல் விமான பாகங்கள் செய்யும் பிரிட்டனின் மெகிட். இப்போது ஆண்டு விற்பனை கிட்டத்தட்ட 2,000 கோடி டாலர்.

இதோடு விக்கர்ஸ் என்ற இன்னொரு ஹைட்ராலிக்ஸ் கம்பெனியை வைத்துப் பாருங்கள். ஹாரி விக்கர்ஸ் 1920-களில் சுழலும் தகடுகளால் எண்ணெயைத் தள்ளுகிற, சமன்படுத்தப்பட்ட வேன் பம்ப்பைக் கண்டுபிடித்தவர். பவர் ஸ்டீயரிங்கிலும் முன்னோடி. பொறியியல் மூளை என்று பார்த்தால் என் ஓட்டு அவருக்குத்தான். ஆனால் அவர் கம்பெனி 1937-லேயே ஸ்பெர்ரியிடம் போனது, பிறகு 1999-ல் ஈட்டனிடம், 2021-ல் டான்ஃபாஸிடம். கண்டுபிடித்தவர் கம்பெனி கைமாறிக்கொண்டே இருக்க, ஃபிட்டிங் விற்றவர் கம்பெனி மற்றவர்களை வாங்கிக்கொண்டிருந்தது.

காரணம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். நல்ல பம்ப்பை ஒருமுறை விற்றால் வருடக்கணக்கில் ஓடும். பார்க்கர் விற்கும் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), சீல், ஹோஸ் (எண்ணெய் போகும் வளையும் குழாய்) அப்படியில்லை. தேயும், காயும், வெடிக்கும். எந்தக் கம்பெனி பம்ப்பை மாட்டியிருந்தாலும் இவை வேண்டும். வெடித்த ஹோஸைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதே நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் ஃபிட்டிங்கை வைத்து நெரித்து இறுக்கி (கிரிம்ப் செய்து), நிற்கும்போதே கையில் தருகிற கடைகள் பார்க்கர் பெயரிலேயே பல நாடுகளில் இருக்கின்றன. வெளியே எக்ஸ்கவேட்டர் நிற்கிறது, ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஹோஸ் விலையைப் பேரம் பேச யாருக்கும் மனசு வராது.