கருத்துப் படிவமாம், கருத்துப் படிவம்!

தயவுசெய்து இனி எங்களிட்டக் கருத்துக் கேக்காதேங்கோ. கேட்டுப்போட்டுத் தூக்கி அலுமாரிக்குள்ள வைக்கிறதுக்கு, கேக்காமலே விட்டால் எங்களுக்குக் கொஞ்சம் நேரமாவது மிஞ்சும்.

இலங்கையில, வன்னிக்குள்ள இருக்கிற ஒரு கம்பஸ். பேர் சொல்லமாட்டன், சொன்னால் படிவத்தை விட்டுட்டு ஆர் எழுதினது எண்டு தேடத் தொடங்கிடுவினம். செமஸ்டர் முடியப்போற கிழமை வந்தால் காணும், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு படிவம் வந்து நிக்கும். விரிவுரையாளர் நேரத்துக்கு வந்தாரா, பாடத்திட்டத்தை முடிச்சாரா, கேள்வி கேக்க விட்டாரா எண்டு நீட்டுக்குக் கேள்வி. ஒண்டில இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு இலக்கத்தைத் தெரிவு செய்யோணும். முந்திக் கடதாசியில தந்தவை. இப்ப எல்லாம் எல்எம்எஸ் எண்ட கம்பஸின்ர ஒன்லைன் தளத்தில. அதை நிரப்பி முடிக்காட்டில் எக்ஸாம் அட்மிஷன், அதுதான் சோதனைக்குப் போற அனுமதி அட்டை, திறக்காது.

அப்ப என்ன நடக்கும்? இரவு பதினொரு மணிக்கு ஹொஸ்டல் மாடிப்படியில, வைஃபை கொஞ்சம் இழுக்கிற அந்த ஒரு மூலையில, நாலைஞ்சு பெட்டையள் போனோட குந்தியிருப்பம். "மூண்டு, மூண்டு, மூண்டு, மூண்டு" எண்டு பெருவிரல் தன்ர பாட்டில போகும். கடைசிப் பக்கத்தில 'சமர்ப்பி' அமத்தேக்க லைன் போயிடும். திரும்ப முதல்ல இருந்து. இரண்டாம் தரம் கேள்வியை ஆர் வாசிக்கிறது? வராத சேருக்கும் மூண்டு, விடிய எட்டு மணிக்கே வந்து நிக்கிற மிஸ்ஸுக்கும் மூண்டு. பிறகு மேலிடத்தில ஏசி போட்ட அறைக்குள்ள "மாணவர்கள் பொதுவாகத் திருப்தியடைந்துள்ளனர்" எண்டு சிலைட் போடுவினம். ஓம், திருப்திதான். அட்மிஷன் திறந்திட்டுதெல்லோ.

இந்த அஞ்சு படி அளவுகோலைக் கொண்டுவந்தவர் ரென்சிஸ் லைக்கேர்ட் எண்ட அமெரிக்க உளவியலாளர். 1932-ல, சனத்தின்ர மனப்பாங்கை அளக்கிறதுக்கு. மனுசன் நல்ல எண்ணத்திலதான் செய்திருப்பார். அட்மிஷனைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு அளக்கச் சொல்லி அவர் சொல்லேல்லை.

"பேர் எழுதத் தேவையில்லை, தயங்காமல் எழுதுங்கோ" எண்டு மேல ஒரு வரி வேற. உள்ளுக்குப் போறதே பதிவிலக்கம் அடிச்சுத்தான்! விசேட பாடமெண்டால் வகுப்பில இருக்கிறதே ஒரு கைப்பிடி ஆக்கள். அதில ஆர் எப்பிடி இங்கிலிஷ் எழுதுறது எண்டு அசைன்மெண்ட் திருத்துற ஆளுக்குத் தெரியாதோ? கடதாசிக் காலத்தில இதைவிட மோசமாம், சீனியர் அக்காமார் சொல்லுவினம். சேரே கொண்டுவந்து தருவாராம், மேசையடியில நிண்டு பாப்பாராம், தானே வாங்கி அடுக்குவாராம். பேப்பர் இன்னும் திருத்தாத ஆளுக்கு முகத்துக்கு நேர இரண்டு போட ஆருக்குத் துணிவு வரும்?

லண்டனில படிச்ச மச்சாளிட்ட இதைச் சொல்ல அவ சிரிச்சா. அங்க 2005-ல இருந்து இறுதி வருச மாணவரிட்ட நாடு முழுக்க ஒரே கருத்தாய்வு எடுக்கினம். மறுமொழியை எல்லாரும் பாக்கக்கூடிய மாதிரி வெளியில விடுவினம். ஒரு பாடநெறியில குறைஞ்சது 10 பேர், அதோட அரைவாசிப் பேராவது நிரப்பினால்தான் அந்தப் பாடநெறியின்ர கணக்கு வெளிய வரும். இன்னொண்டும் சொன்னா. 2017-ல இந்தக் கருத்தாய்வைக் கட்டணக் கூட்டலோட முடிச்சுப் போடப் பாத்த கோவத்தில, மாணவர் ஒன்றியங்கள் "நிரப்பாதேங்கோ" எண்டு அறிவிச்சு, ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் உட்பட ஒரு டசின் பல்கலைக்கழகங்களுக்கு அந்த வருசம் கணக்கே வரேல்லை. நிரப்பாமல் விடுறதும் அங்க ஒரு மறுமொழி. எங்களுக்கு அந்தச் சுதந்திரமும் இல்லை. அங்கயும் எல்லாம் சொர்க்கம் இல்லையாம், நல்ல இலக்கம் போடச் சொல்லிச் சுத்தி வளைச்சுக் கேக்கிற ஆக்களும் இருக்கினமாம். ஆனால் மறுமொழியை ஒளிக்கேலாது.

சரி, கேள்விக்கு வருவம். எங்களுக்கு எது பிரச்சினையோ அது படிவத்தில இல்லவே இல்லை. ஹொஸ்டல் தண்ணியைப் பற்றி ஒரு கேள்வி காட்டுங்கோ பாப்பம். கேத்திலுக்குள்ள எட்டிப் பாத்தால் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாப் படிஞ்சு கிடக்கும், கரண்டியால சுரண்டினால் செதில் செதிலாக் கழரும். கீழ்மாடியில ஒரு ஃபில்டர் இருக்கு. சிவப்பு லைட் எரியத் தொடங்கிக் கன காலம். அதில ஆரோ ஒட்டின "திருத்த வேலை" எண்ட துண்டுதான் மழைக்கு நனைஞ்சு, காய்ஞ்சு, இப்ப எழுத்தே தெரியாமல் கிடக்கு. வவுனியாப் பக்கம் கிட்னி வருத்தத்தில எத்தினை குடும்பம் கிளினிக்குக்கு அலையுது எண்டு தெரிஞ்ச சனம் நாங்கள். காரணம் இதுதான் எண்டு ஆரும் இன்னும் முடிவாச் சொல்லேல்லை, ஆனால் வீட்டில எல்லாருக்கும் தண்ணியிலதான் பயம். அம்மா ஒவ்வொரு நாளும் போனில கேக்கிற முதல் கேள்வி "என்ன தண்ணி குடிக்கிறாய்?" எண்டுதான். அம்மாவுக்குக் கேக்கத் தெரிஞ்ச கேள்வி இவையளுக்குத் தெரியேல்லை.

பஸ்ஸும் அப்பிடித்தான். பின்னேர லாப் முடிய கடைசி பஸ் போயிடும். மெயின் ரோட்டு வரைக்கும் கச்சான் காத்துக்குள்ள புழுதி திண்டுகொண்டு நடக்கோணும், மாரியில சேறு. யானை நிக்கிற நாளில ஓட்டோக்காரரும் வரமாட்டினம். "கற்றல் சூழல் திருப்தியாக உள்ளதா?" எண்டு ஒரு கேள்வி இருக்கு. இதுக்கு எந்த இலக்கத்தைப் போடுறது?

படிவம் முழுக்க இங்கிலிஷ். ஏஎல் (உயர்தரம்) வரைக்கும் தமிழில படிச்சிட்டு வந்து முதல் வருசம் முழுக்க விரிவுரையை அரையும் குறையுமாப் பிடிக்கிற பிள்ளையிட்ட, அந்தக் கஷ்டத்தையும் இங்கிலிஷிலயே எழுது எண்டால் என்ன எழுதும்? என்ர ரூம்மேட் குருநாகல் பிள்ளை, அவளும் இதையேதான் சிங்களத்தில சொல்லிப் புலம்புறாள். 1987-ல வந்த அரசியலமைப்பின்ர 13ஆம் திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி. படிவம் அடிக்கிற ஆளுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரேல்லை போல.

இதில விரிவுரையாளர்மார் பக்கமும் ஒரு நியாயம் கிடக்கு. எங்கட பெடியள் போடுற இலக்கமும் சுத்தமில்லை. கண்டிப்பான மிஸ்ஸுக்குப் பழிவாங்கி ஒண்டு போடுவினம், அதே கண்டிப்பில சேர் நிண்டால் "ஆள் கெத்து" எண்டு நாலு. அமெரிக்காவில 2015-ல வந்த ஒரு ஆய்வில, ஒன்லைன் வகுப்பில ஒரு ஆணும் ஒரு பெண்ணும் தங்கட பேரை மாத்திப் படிப்பிச்சுப் பாத்தினம். படிப்பிச்சது ஆராயிருந்தாலும் ஆம்பிளைப் பேருக்குத்தான் இலக்கம் கூட விழுந்தது. அசைன்மெண்டை ஒரே நேரத்தில திருத்திக் குடுத்தும் "பெண்" பிந்திக் குடுத்த மாதிரி மட்டாப் போட்டிருக்கினம். அப்ப இந்த இலக்கத்தை மட்டும் பாத்து ஒரு ஆளின்ர பதவி உயர்வைத் தீர்மானிச்சால் அதுவும் அநியாயம்தான்.

பிறகு ஏன் விடாமல் எடுக்கினம்? ரிவியூ. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்ர தர மதிப்பாய்வுக்கு ஆக்கள் வருவினம், கோப்புக் கேப்பினம். கருத்து எடுத்ததுக்கு ஆதாரம் வேணும். அந்த ரிவியூவுக்கெண்டு 2015-ல வந்த கைநூல் பிழையெண்டு நான் சொல்லேல்லை. கருத்தை எடுத்தால் ஆராயோணும், அதை வைச்சுத் திருத்தோணும் எண்டதுதான் அதின்ர நோக்கமே. எங்கட ஆக்கள் எடுக்கிறதோட நிண்டிட்டினம். ரிவியூக் கிழமை மட்டும் பாத்ரூமுக்குப் புது வாளி வரும், மரத்துக்கெல்லாம் வெள்ளையடி விழும்.

செமஸ்டர் முடியப்போகேக்க கேக்கிறதால எனக்கு என்ன பிரயோசனம்? அந்தப் பாடம் எனக்கு முடிஞ்சுது. நாலாம் அஞ்சாம் கிழமையில ஒரு துண்டைத் தந்து "எது விளங்கேல்லை?" எண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டால், ஆறாம் கிழமை மாத்தலாம். ஒரு மிஸ் தன்ர பாட்டில அப்பிடிச் செய்யிறவ. அடுத்த வகுப்பிலயே அந்த இடத்தைத் திரும்பப் படிப்பிச்சா. சிலைட்டும் இல்லை, சராசரியும் இல்லை.

கடைசியா, எங்கட பீடத்து மாணவப் பிரதிநிதியள் இரண்டு பேருக்கும் சொல்லுறன். 1978ஆம் ஆண்டு 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் பீடச் சபையில உங்களுக்குக் கதிரை போட்டுத் தந்திருக்கு. தேத்தண்ணியும் ரோல்ஸும் மட்டும் சாப்பிட்டிட்டு வராதேங்கோ. போன வருசப் படிவங்களின்ர சுருக்கத்தை நோட்டீஸ் போட்டில ஒட்டச் சொல்லிக் கேளுங்கோ. எது செய்யலாம், எது ஏலாது, ஆர் பொறுப்பு, எப்ப முடியும். காசு இல்லையெண்டால் காசு இல்லையெண்டே ஒட்டட்டும், வாசிச்சிட்டுப் போறம். அந்த ஃபில்டரையும் கேட்டுக்கொண்டு வாங்கோ. கூட்டக் குறிப்பில எழுதச் சொல்லுங்கோ, வாயால சொன்னால் சிரிச்சு மழுப்பி விட்டிடுவினம்.