மதச்சார்பின்மை 1976-இல்தான் வந்ததா?

"1976-க்கு முன் இந்திய அரசியலமைப்பில் மதச்சார்பின்மையே கிடையாது, நெருக்கடி நிலையில் திணித்தார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதில் பாதிதான் உண்மை. முகப்புரையில் அந்தச் சொல்லைச் சேர்த்தது 42-ஆவது திருத்தம்தான், சரி. ஆனால் கருத்து 1950-இலேயே இருக்கிறது. 25-ஆவது பிரிவு எல்லோருக்கும் மத சுதந்திரம் தருகிறது. 27-ஆவது பிரிவைப் பலர் படிப்பதே இல்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்க்கவென்று யாரையும் வரி கட்டச் சொல்ல முடியாது. அப்புறம் கேசவானந்த பாரதி வழக்கு, அதாவது அரசியலமைப்பை நாடாளுமன்றம் எந்த அளவுக்குத் திருத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு. மதச்சார்பற்ற தன்மையை அரசியலமைப்பின் அடிப்படை அம்சங்களில் ஒன்றாகத் தலைமை நீதிபதி சிக்ரி அதில் எழுதியது 1973 ஏப்ரலில், அதாவது திருத்தத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பே. முகப்புரையில் சேர்த்ததை எதிர்த்த மனுக்களையும் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.