கொடி நாள் ரசீது

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் சித்தப்பா அந்தப் பழைய ஃபார்வர்டை மறுபடியும் போட்டிருந்தார். உங்களுக்கும் கட்டாயம் வந்திருக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் போடுங்கள், நூறு கோடிப் பேர் போட்டால் ராணுவத்துக்கு ஆயுதம் வாங்கிவிடலாம், யோசனை சொன்னது ஒரு இந்தி நடிகர், மத்திய அமைச்சரவையும் சரி என்று சொல்லிவிட்டது, கீழே ஒரு நிதியின் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும். எல்லையில் ஏதாவது நடந்தால் உடனே தூசி தட்டி எடுத்துவிடுவார்கள். பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரலில் இது சுற்றியபோது பாதுகாப்பு அமைச்சகமே தவறான தகவல் என்று விளக்கம் கொடுத்தது. அதெல்லாம் யார் படிக்கிறார்கள்? குழுவில் வரிசையாகக் கைகூப்பும் படமும் தேசியக் கொடியும் வந்து விழுந்தன.

அப்பா மட்டும் ஒன்றும் போடவில்லை. அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் பதினேழு வருஷம் இருந்து ஹவில்தாராக ஊர் திரும்பியவர். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை, தெருவுக்கு இரண்டு மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும். தெருக்காரர்களுக்கு அவர்கள் நினைப்பு வருவது பெரும்பாலும் வீட்டு விசேஷத்துக்கு முன்னால், கேன்டீன் பாட்டில் கேட்பதற்கு. அது தனிக் கதை.

அந்த ஃபார்வர்டில் இருக்கும் வேடிக்கை என்னவென்றால், அது சொல்லும் நிதி நிஜமாகவே இருக்கிறது. ஆயுதம் வாங்கும் கதைதான் பொய். களத்தில் இறந்தவர்கள், படுகாயம் அடைந்தவர்களின் குடும்பங்களுக்கான ஆயுதப் படைகள் போர் இழப்பு நல நிதி அது. அது உருவானதற்குக் காரணமே அப்பாவின் ரெஜிமென்டில் நடந்த ஒரு சாவுதான் என்பது பலருக்குத் தெரியாது.

2016 பிப்ரவரி 3, சியாச்சின். சுமார் 19,600 அடி உயரத்தில் சோனம் என்ற காவல் நிலை. 19 மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். ஆறாவது நாள் தோண்டியபோது லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு கிடைத்தார். கர்நாடகத்தில் தார்வாட் பக்கத்து ஆள். டெல்லிக்குக் கொண்டுபோனார்கள், நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது, 11-ஆம் தேதி அவரும் போய்விட்டார். அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டத்துக்கு ஒவ்வொரு சவப்பெட்டி வந்தது. அப்பா அந்த ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவர்களில் ஒருவரையும் அவருக்கு நேரில் தெரியாது. "நம்ம பசங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு ரெஜிமென்ட்காரர்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட் சிப்பாயைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்களாம். தமிழன், மலையாளி, தெலுங்கன், கன்னடிகன் எல்லாரும் அங்கே தம்பிதான்.

அந்த வாரம் நாடு முழுக்க ஜனங்கள் பணம் அனுப்ப முன்வந்தார்கள். எங்கே அனுப்புவது என்றுதான் தெரியவில்லை. அந்த வேகத்தைப் பார்த்துத்தான் 2017-இல் இந்த நிதியை ஏற்படுத்தி, 2016 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்துக்கு இதிலிருந்து தரும் தொகையை 2 லட்சத்திலிருந்து 8 லட்சமாக உயர்த்த 2019-இல் ஒப்புதல் ஆனது. மற்ற அரசுத் தொகைகளுக்கு மேல் இது தனி. 2022 அக்டோபரில் "மா பாரதி கே சபூத்" என்று இதற்கென்று ஓர் இணையதளமும் வந்தது. நேராக அங்கே போய்ப் போடலாம், ஃபார்வர்டில் வரும் எண்ணை நம்பவேண்டிய அவசியமே இல்லை.

சரி, இதில் எனக்கு என்ன பிரச்சினை?

நமக்குக் கொடுக்க ஒரு முகம் தேவைப்படுகிறது. தொலைக்காட்சியில் கைக்குழந்தையோடு அழும் மனைவியைப் பார்த்தால் கை தானாகப் பைக்குள் போகிறது. தவறு என்று சொல்ல மாட்டேன், இரக்கம் அப்படித்தான் பிறக்கும். ஆனால் கேமரா போகாத வீட்டுக்கு அந்தப் பணமும் போவதில்லை. துணை ராணுவப் படையினருக்காக 2017-இல் தொடங்கிய "பாரத் கே வீர்" திட்டத்தில் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். இறந்தவரின் குடும்பக் கணக்குக்கே நேராகப் பணம் போடலாம், ஆனால் ஒரு குடும்பத்துக்கு 15 லட்சம்தான் வரம்பு. அதைத் தாண்டினால் கொடுப்பவருக்குச் சொல்லிவிடுவார்கள், மீதியை வேறொரு வீரர் வீட்டுக்கோ பொது நிதிக்கோ மாற்றிவிடலாம். இந்த வரம்பை எழுதியவர் யாரென்று தெரியாது, ஜனங்களின் மனசு தெரிந்தவர்.

அப்பாவின் நண்பர் ஒருவர் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது பைக் விபத்தில் இறந்தார். காஷ்மீரில் இரண்டு தடவை இருந்து ஒரு கீறல் இல்லாமல் வந்தவர். லாரி வந்து அடித்தது எங்கள் ஊர் பைபாஸில். பீரங்கி வண்டி வரவில்லை, அமைச்சர் வரவில்லை, வட்டாட்சியர்கூட வந்ததாக ஞாபகம் இல்லை. ராணுவக் கணக்கில் அது போர் இழப்பு ஆகாது. எதிரியோடு மோதி இறந்தவரின் மனைவிக்குக் கடைசிச் சம்பளம் முழுவதும் ஓய்வூதியமாக வரும். பணியின் காரணமாக இறந்தால் 60 விழுக்காடு. பணிக்குச் சம்பந்தமில்லாத சாவு என்றால் சாதாரண குடும்ப ஓய்வூதியம், அது சில வருஷம் கழித்து 30 விழுக்காட்டில் வந்து நிற்கும். விதி அப்படி, அதற்கு நியாயமும் இருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடக் கட்டணம் சாவின் காரணத்தைப் பார்த்துக் குறைவதில்லையே.

இன்னும் கீழே ஒரு வரிசை இருக்கிறது. சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் பதினைந்து வருஷம் முடிக்க வேண்டும். பத்து வருஷத்தில் குடும்ப நெருக்கடியால் வெளியே வந்தவருக்கு ஒன்றுமில்லை. அந்த ஆளுக்கு எழுபது வயது ஆகும்போது அவர் நிலைமை என்ன? அவருக்காக இருப்பது வறுமை நிதியுதவி. 65 வயதுக்கு மேல், ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்து ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய் என்று இருந்ததை 2025 நவம்பரிலிருந்து 8,000 ஆக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் படிப்புக்கு, மகள் கல்யாணத்துக்கு என்று தருவதையும் அப்போதே இரட்டிப்பாக்கினார்கள். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கொடி நாள் நிதியிலிருந்து. பள்ளிக்கூடத்தில் சட்டையில் குத்திவிடுவார்களே, சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று பட்டை போட்ட காகிதக் கொடி, அதேதான்.

1949-இல் டிசம்பர் 7-ஐக் கொடி நாள் என்று வைத்தார்கள். கொடி கொடுத்து, மனமுவந்து தருவதை வாங்கிக்கொள்வதுதான் ஏற்பாடு. நம் ஊரில் அது என்னவாக மாறிவிட்டது என்று உங்களுக்கே தெரியும். சில வருஷம் முன்பு ஓர் அலுவலகத்துக்கு ஒரு சான்றிதழ் வாங்கப் போயிருந்தேன். "கொடி நாள் ஐந்நூறு ரூபாய் போட்டுருங்க, அப்புறம் கையெழுத்து ஆகும்" என்றார் அங்கே இருந்தவர். ரசீது கேட்டேன். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "எங்களுக்கு டார்கெட் கொடுத்திருக்காங்கம்மா, நாங்க என்ன பண்றது" என்றார். பாவம், அவர் சொன்னதும் பொய்யாக இருக்காது. இலக்கு மேலிருந்து வருகிறது, கீழே இருப்பவர் கவுன்டருக்கு வந்தவரிடம் பிடுங்குகிறார். கடைசியில் ரசீது கொடுத்தார், ஐந்நூறுக்கும்தான். ஆனால் வரிசையில் என் பின்னால் நின்றவர் அதை லஞ்சம் என்றே நினைத்துக்கொண்டார். "எதுக்கும்மா ரசீது கேட்டுட்டு, குடுத்துட்டு வாங்க" என்று எனக்கு யோசனை வேறு.

ராணுவத்துக்குக் கொடுப்பது லஞ்சம்போலத் தெரியும்படி செய்துவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம். இதே ஜனங்கள்தான் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டால் கடன் வாங்கியாவது கட்டுகிறார்கள். ஏன்? திருவிழா முடிந்ததும் கோயில் வாசலில் உட்கார்ந்து கணக்கு வாசிப்பார்கள். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, மீதி இவ்வளவு. பத்து ரூபாய் உதைத்தாலும் யாராவது எழுந்து கேட்பார்கள். கொடி நாளுக்கு அப்படி ஒரு வாசிப்பு உண்டா? போன வருஷம் நம் மாவட்டத்தில் வசூலானது இவ்வளவு, நம் தாலுகாவில் இத்தனை கைம்பெண்களுக்கும் இத்தனை முதியவர்களுக்கும் போனது என்று பெயர் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டுமாவது ஒரு பலகையில் அந்தக் கவுன்டர் மேலேயே எழுதி வைக்கலாம். எழுதி வைத்தால் டார்கெட்டே தேவைப்படாது என்பது என் எண்ணம்.

"இதெல்லாம் அரசாங்கத்தின் கடமை, நாம் எதற்குக் கொடுக்க வேண்டும்" என்று கேட்பவர்களும் உண்டு. என் கணவரே கேட்பார். நியாயமான கேள்விதான். ஓய்வூதியம் உரிமை, அதைத் தர்மப் பணத்தால் நிரப்பக் கூடாது. அக்னிவீர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் வந்த ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டம், பணி நான்கு வருஷம், அதில் கால்வாசிப் பேருக்குத்தான் நிரந்தரப் பணி. இறந்தால் 48 லட்சம் காப்பீடு உண்டு, களத்தில் இறந்தால் கருணைத் தொகையும் உண்டு. மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. அந்த ஓட்டையை உண்டியல் குலுக்கி அடைக்கச் சொன்னால் நானும் சண்டைக்குத்தான் வருவேன். ஆனால் எந்த விதியிலும் அடங்காத ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். பத்து வருஷத்தில் வெளியே வந்த சிப்பாய்க்கு எந்தச் சம்பளக் கமிஷன் வந்தாலும் ஓய்வூதியம் வரப்போவதில்லை. அங்கேதான் நம் ஐந்நூறு ரூபாய் போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்று. கொடுப்பதையும் நினைப்பதையும் நம் முன்னோர்கள் தனித்தனியாக வைக்கவில்லை. எங்கள் பக்கம், திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமெல்லாம் நடுகற்கள் நிறைய. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காக்கப் போய்ச் செத்தவன் பெயரைக் கல்லில் வெட்டி நிறுத்தினார்கள். பல இடங்களில் அந்தக் கல்லுக்கு இன்னும் வேடியப்பன் என்று பொங்கல் வைக்கிறார்கள். கல்லோடு வேலை முடியவில்லை. செத்தவன் குடும்பத்துக்கு நிலமும் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி. நெய்த்தோர் என்றாலும் ரத்தம்தான். கல் அவனுக்கு, நிலம் அவன் பிள்ளைகளுக்கு.

பிற்காலத்தில் கல் மட்டும் மிஞ்சியது. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். அந்தப் பதினான்கு பேர் யார்? பெயர் இல்லை, எண்ணிக்கை மட்டும். கீழே பூண்டு வியாபாரம் நடக்கும், நானும் எத்தனையோ தடவை அதைத் தாண்டிக் காய்கறிப் பையோடு நடந்திருக்கிறேன். அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

குன்னூர் பக்கத்து வெலிங்டனில் ரெஜிமென்ட் மையத்துக்கு அப்பாவோடு ஒரு தடவை போயிருக்கிறேன். நினைவிடத்துக்கு முன்னால் அவர் விறைத்து நின்ற மாதிரி வீட்டில் எந்தச் சாமி முன்னாலும் நின்று பார்த்ததில்லை. 1758-இல் தொடங்கிய ரெஜிமென்ட், ராணுவக் காலாட்படையிலேயே மூத்தது என்று எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தவர், அங்கே வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். இறங்கும்போது கேட்டேன், நீங்கள் சர்வீஸில் இருந்தபோது இந்த மாதிரிக் குடும்பங்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று. "நாங்கதான். சம்பளத்துல பிடிப்பாங்க. பல்டன்ல ஒருத்தன் போனா எல்லாரும் போடுவோம்" என்றார். ரெஜிமென்டுக்கு அதிகம் கொடுத்தது ரெஜிமென்ட்தான். கொஞ்சச் சம்பளத்திலிருந்து.

இந்த வருஷம் கவுன்டரில் யாரும் கேட்பதற்கு முன்னால் நானே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய்க் கொடி நாளுக்குப் பணம் கட்டினேன். பெரிய தொகை இல்லை, ஒரு குடும்பம் ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடும் செலவு. கட்டிவிட்டு குடும்பக் குழுவில், கொடி நாள் நிதியைக் கவனிக்கும் கேந்திரிய சைனிக் போர்டின் இணைய முகவரியைப் போட்டு, சித்தப்பா, அந்த எண்ணுக்கு வேண்டாம், இங்கே போடுங்கள் என்று எழுதினேன். சித்தப்பா கட்டைவிரல் காட்டினார். போட்டாரா என்று கேட்கவில்லை, கேட்டால் அதுவும் டார்கெட் ஆகிவிடும்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாவிடமிருந்து போன் வந்தது. எவ்வளவு கட்டினாய் என்று அவர் கேட்கவில்லை.

"ரசீது வாங்கினியா?" என்றார்.