ராஜினாமாவை இப்போதைக்கு அனுப்பாதே, மருமகனே

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வீட்டுக்கு வந்து, "மாமா, வேலையை விட்டுட்டு கோவா போய் போக்கர் ஆடலாம்னு இருக்கேனுங்க" என்றான். போக்கர் என்பது பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், சம்பளம் 32,000. ராஜினாமாக் கடிதத்தைச் செல்போனில் எழுதியே வைத்திருந்தான். குடும்பத்தில் இதை ஏற்கெனவே செய்து பார்த்தவன் நான்தான் என்பதால் என்னிடம் வந்தான்.

பணம் வைத்து ஆன்லைனில் ஆடுவதை 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு சட்டம் போட்டு நிறுத்தியது. அதுவரை செல்போனில் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் இப்போது நேரில் ஆடிப் பிழைக்கலாம் என்று கிளம்புகிறார்கள். எனக்குத் தெரிந்தே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதனால் அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

போக்கரை லாட்டரியோடு சேர்த்துத் திட்டுகிற ஆள் இல்லை நான். என் அப்பா கேரள எல்லையில் வேலந்தாவளத்தில் லாட்டரிக் கடை வைத்திருந்தார். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த பிறகு, கோயமுத்தூர் வண்டிகள் எல்லை தாண்டி வந்து எங்கள் கடை முன்னால் நிற்கும். மத்தியானக் குலுக்கல் முடிந்ததும் சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு, அங்கேயே நின்று மறுநாள் சீட்டை வாங்குகிறவர்களைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். சீட்டு வாங்கியபின் அவர்கள் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. போக்கரில் நிறைய இருக்கிறது. எந்தக் கார்டோடு உள்ளே போவது, எப்போது ஃபோல்ட் செய்து வெளியே வருவது, எதிரில் இருப்பவர் எதை வைத்துக்கொண்டு இவ்வளவு பணம் தள்ளுகிறார் என்று கணிப்பது எல்லாம் படித்துப் பழக வேண்டிய வேலை. 2017-ல் குஜராத் உயர் நீதிமன்றம் அதை அதிர்ஷ்ட ஆட்டம் என்றது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம் என்றது. ஆடிப் பார்த்தவன் என்ற முறையில் சென்னைத் தீர்ப்புதான் சரி என்பேன்.

2018-ல் கோயமுத்தூர் பம்ப் கம்பெனி வேலையை விட்டபோது, சீட்டு விளையாடப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். எங்கள் பக்கம் சீட்டு என்றால் மூன்று உண்டு: லாட்டரிச் சீட்டு, மாசச் சீட்டு, சீட்டுக்கட்டு. "எந்தச் சீட்டுடா?" என்றார். விளக்கினேன். அவர் திட்டவில்லை. "மாசம் எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை.

கோவா தலைநகர் பஞ்சிமில் அறை எடுத்து 14 மாதம் இருந்தேன். கட்டாயப் பந்தயம் 100-200 ரூபாய் உள்ள மேசையில் 20,000 ரூபாயோடு உட்காருவேன். ஒரு ராத்திரி முன்னால் 34,000 சேர்ந்திருந்தது. அப்போது கையில் இரண்டு ஏஸ் வந்தது. சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை வருவது அது. நாள் முழுக்க உட்கார்ந்தாலும் வராமலே போகும் நாள்கள் உண்டு. எதிரில் ஒருவர் ஆல்-இன், அதாவது முன்னால் இருக்கும் எல்லாப் பணமும் என்றார், நானும் போட்டேன். அவர் திருப்பிக் காட்டியது இரண்டு கிங். ஐந்தில் நான்கு தடவை நான் ஜெயிக்க வேண்டிய இடம். மேசை நடுவில் முதலில் திருப்பும் மூன்று கார்டில் (ஃப்ளாப்) ஒன்றும் இல்லை, நாலாவதில் (டர்ன்) ஒன்றும் இல்லை, கடைசியாக ஐந்தாவதில் (ரிவர்) கிங் விழுந்து அவருக்கு மூன்று கிங் ஆனது. சீட்டுப் போடும் டீலர் இரண்டு கையாலும் என் சிப்ஸை (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லைகள்) அந்தப் பக்கம் தள்ளினார்.

அதில் என் தப்பு எதுவும் இல்லை. மறுபடி வந்தாலும் அப்படியேதான் ஆட வேண்டும். தப்பு அதற்கடுத்த ஒரு மணி நேரத்தில் நடந்தது. இடைவேளையில் அம்மா போன் செய்தார். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும், ஆசாரி வந்து நிற்கிறார், 15,000 அனுப்பு என்றார். நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பினேன். ஃபோல்ட் செய்ய வேண்டிய கார்டை ஃபோல்ட் செய்யவில்லை. துணிந்து போட வேண்டிய இடத்தில் கை வரவில்லை. மேசையில் இருந்த சிப்ஸ் எல்லாம் எனக்கு ஓடாகத் தெரிந்தது. பழகி வைத்திருந்த அத்தனையும் அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. சம்பளம் வந்துகொண்டிருந்த காலத்தில் நான் அப்படி ஆடியதே இல்லை.

மருமகன் ஆன்லைனில் ஜெயித்த கணக்கைக் காட்டினான். நல்ல கணக்குதான். ஆனால் நாலு மேசையை ஒன்றாகத் திறந்து வைத்தால் மணிக்கு 250 ஆட்டம் ஓடும். நேரில் டீலர் கலைத்துப் போட்டு முடிக்க மணிக்கு 30 தான். மாதம் 15 நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் ஆடினால் 2,700 ஆட்டம். நல்லா ஆடுகிறவருக்கும் இந்த அளவில் மாதம் நஷ்டத்தில் முடியலாம், மோசமாக ஆடுகிறவருக்கும் லாபத்தில் முடியலாம். தான் யார் என்று தெரிய வருவதற்குள் சேமிப்பு கரைந்துவிடும். என் நோட்டில் 14 மாதத்துக்கு 1,100 மணி நேரம் இருக்கிறது. ரேக் (ஆட்டம் நடத்துகிறவர்கள் எடுத்துக்கொள்ளும் பங்கு) போக 3,10,000 லாபம். அதில் அறை வாடகை மட்டும் 2,10,000.

சாப்பாட்டுச் செலவைத் தனியாக எழுதவே இல்லை. வரி இன்னும் மோசம். சீட்டாட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீதம் வரி, தோற்றதை அதிலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நாலு வருஷம் இரண்டு மாதத்தில் வேலையை விட்டதால் கிராஜுவிட்டியும் போனது. பத்து மாதம் பொறுத்து ஐந்து வருஷத்தை முடித்திருக்கலாம்.

"மனிமேக்கர் ஜெயிச்சாரே மாமா" என்றான். 2003-ல் அமெரிக்காவில் நடக்கும் போக்கர் உலகத் தொடரில் (World Series of Poker) 86 டாலர் கட்டி உள்ளே நுழைந்து, 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் ஜெயித்தவர். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்தபோது கிறிஸ் மனிமேக்கர் கணக்காளர் வேலையில் இருந்தார் என்பதையும் அவனிடம் சொன்னேன்.

ஆடாதே என்று நான் சொல்லவில்லை. லீவு சேர்த்து, மாதம் ஒரு தடவை ஷொரணூரில் ரயில் ஏறி கோவாவில் மட்காவ் ஸ்டேஷனில் இறங்கு. வீட்டுப் பணத்தைத் தொடாதே, தனியாக ஒரு தொகை வை. எத்தனை மணி நேரம், எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு என்று ஒரு நாள் விடாமல் நோட்டில் எழுது. ஒரு வருஷம் கழித்து அந்த நோட்டை எடுத்து வா, என் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றேன்.

"யோசிக்கிறேனுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது என் பழைய நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.